பனிக்காலத்தில் தோட்டத்துப் பறவைகளுக்கும் அணில்களுக்கும் கொழுப்புக் கட்டி: வீட்டில் செய்தால் ஏன் உதிர்கிறது?

தோட்டக்கதவு

உறைபனி இறங்கிவிட்டது. கடையில் விற்கும் கொழுப்புக் கட்டிகளை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே செய்ய வேண்டும். உருக்கிய கொழுப்பில் விதையைக் கொட்டி அச்சில் ஊற்றினால் விதை முழுக்க அடியில் தங்கி, மேலே வெறும் கொழுப்பு நிற்கிறது. வெளியே தொங்கவிட்ட இரண்டாம் நாளே பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. விகிதம் தவறா, முறை தவறா?

கூடவே சில கேள்விகள். இறைச்சி வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பைச் சேர்க்கலாமா? காய்ந்த பிரெட், மிஞ்சிய சோறு போடலாமா? மாடு, பன்றிக் கொழுப்பைக் கையால் தொடாத வீடுகளில் வேறு வழி உண்டா? அணிலுக்கும் கொடுக்க ஆசைதான், ஆனால் அது வந்தால் பறவைகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. வேலியோரம் மான்களும் வருகின்றன, அவற்றுக்கு என்ன வைக்கலாம்?

பனிவரகு

இரண்டுமே தவறு, ஆனால் முறைதான் பெரிய தவறு. கொழுப்பு தண்ணீர் மாதிரி இருக்கும்போது விதையைக் கலந்தால் அது மூழ்கத்தான் செய்யும். கூழ் பதத்துக்கு இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

முதலில் கொழுப்பு. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் வெள்ளைக் கொழுப்புதான் முதல் தரம். மற்ற இடத்துக் கொழுப்பைவிட இது கெட்டி, 45 டிகிரிக்கு மேல்தான் உருகும். இறைச்சிக் கடையில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் வெட்டி ஒதுக்கிப் போடும் சரக்கு இது. அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் கையில் வழுக்காமல் நறுக்க வரும். துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு போட்டு, இருப்பதிலேயே சிறிய தீயில் வையுங்கள். அந்தத் தண்ணீர், முதல் பத்து நிமிடம் அடி பிடிக்காமல் இருப்பதற்கு. மூட வேண்டாம், ஆவி வெளியேற வேண்டும். அரைக் கிலோ உருக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். புகை கிளம்பினால் தீ அதிகம் என்று பொருள். பக்கத்தைவிட்டு நகராதீர்கள். தவறிப்போய்த் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

பழுப்புத் துணுக்குகள் ஒதுங்கியதும் பருத்தித் துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். உறைந்த பின் இன்னொரு முறை உருக்கி, இன்னொரு முறை வடிகட்டுங்கள். பலரும் இந்த இரண்டாம் உருக்கலை விட்டுவிடுகிறார்கள். முதல் உருக்கலில் கொஞ்சம் ஈரமும் சதைத் துணுக்கும் உள்ளே தங்கிவிடும். கட்டி சிக்கு வாடை அடிப்பதும் கையில் நொறுங்குவதும் அவற்றால்தான். கழிந்த கசடை வடிகாலில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

விகிதம்: எடையில் ஒரு பங்கு கொழுப்புக்கு இரண்டு பங்கு உலர் பொருள். 250 கிராம் கொழுப்பு என்றால்:

தோல் நீக்கிய சூரியகாந்தி விதை 200 கிராம்
சமைக்காத ஓட்ஸ் 150 கிராம்
உப்பில்லாத வேர்க்கடலை, ஒன்றிரண்டாக உடைத்தது 100 கிராம்
மக்காச்சோள மாவு 50 கிராம்

மக்காச்சோள மாவு என்று சொல்வது மஞ்சளாக, நறநறவென்று இருக்கும் மாவை. குழம்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளை மாவு இதற்கு உதவாது. உங்கள் கட்டி உதிர்வதற்கு இது இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். விதைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப ஏதாவது பொடியான பொருள் வேண்டும். ஓடுள்ள விதையை மட்டும் போட்டால் இடைவெளி பெரிதாகிவிடும், கொழுப்பு எவ்வளவு ஊற்றினாலும் பிடிக்காது. ஓடும் சேர்ந்து எடையில் வருவதால் உண்பதற்கு உள்ளதும் குறைவு.

இரண்டாம் முறை உருக்கிய கொழுப்பை அடுப்பிலிருந்து இறக்கி, ஓரங்களில் வெள்ளை படரும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியால் இழுத்தால் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். அப்போது உலர் பொருளைக் கொட்டிக் கலந்து, 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமனுக்கு அச்சில் நிரப்பி, தட்டையான எதையாவது வைத்து அழுத்துங்கள். அழுத்தம் முக்கியம், காற்று உள்ளே நின்றால் அங்கேதான் உடையும். தயிர் டப்பா, பால் அட்டைப்பெட்டி எல்லாமே அச்சுதான். குளிர்ப்பெட்டியில் ஐந்து மணி நேரம் வைத்து எடுங்கள்.

ஏற்கெனவே உதிர்ந்த கட்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம். வாடை ஏதும் இல்லையென்றால் எல்லாவற்றையும் திரும்ப இளக்கி, ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 50 கிராம் கொழுப்பு கூட்டி, கூழ் பதத்தில் அழுத்தி வையுங்கள், சரியாகிவிடும். காகிதத்தில் சுற்றி உறைபெட்டியில் போட்டால் பனிக்காலம் முழுக்கத் தாங்கும்.

தட்டில் தனியாகப் போட விதை வாங்கும்போது கலவைப் பொட்டலத்தை நம்ப வேண்டாம். மலிவான கலவையில் பாதிக்குச் சிவப்புச் சோளமும் கோதுமையும்தான் இருக்கும். சின்னப் பறவைகள் அதைக் கிளறிக் கீழே தள்ளிவிடும், அப்புறம் எலி வரும். கறுப்புச் சூரியகாந்தியைத் தனியாக, பெரிய மூட்டையாக வாங்குங்கள். ஓடு மெல்லியது, எண்ணெய் அதிகம். தரையில் மேயும் பறவைகளுக்கு வெள்ளைப் பனிவரகு. இந்த இரண்டும் போதும்.

இரும்புவலை

சட்டிக் கொழுப்பு பற்றி: வேண்டவே வேண்டாம். செலவு மிச்சம் பிடிக்க எல்லாரும் முதலில் கை வைப்பது அதில்தான், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் உப்பு இருக்கிறது, சின்னப் பறவையின் உடல் அந்த உப்பைத் தாங்காது. இறைச்சிச் சாறு கலந்திருப்பதால் கிருமி வளரும். எல்லாவற்றையும்விட, அது இளகலாகவே நிற்கும், முழுதாக உறையாது. பறவை அலகைத் துடைக்கும்போதும் கோதும்போதும் அந்தப் பிசுக்கு இறகில் ஏறும். இறகு ஒட்டிக்கொண்டால் நீர் தாங்காது, வெப்பத்தைப் பிடித்து வைக்காது. உறைபனி இரவில் அதுவே பறவையைக் கொன்றுவிடும். மார்ஜரினும் புட்டியில் வரும் சமையல் எண்ணெய்களும் இதே காரணத்தால் கூடாது. உப்பிட்ட பன்றி இறைச்சியின் கொழுப்பும் இதில் சேர்த்தி.

காய்ந்த பிரெட் விஷம் அல்ல, ஆனால் வயிற்றை நிரப்பிச் சத்தில்லாமல் விட்டுவிடும். 10, 12 கிராம் எடையுள்ள ஒரு சின்னப் பறவை ஒரே குளிர் இரவில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடலாம். பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம் என்றால் அதற்குள் அதைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் கணக்கு. உப்பில்லாத சோறு கொஞ்சம் போடலாம், இருட்டுவதற்குள் மிச்சத்தை அள்ளிவிடுங்கள்.

சேர்க்கவே கூடாதவை: சாக்லேட், அவகாடோ, உப்புக்கடலை, பால். பறவைகளால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாது, ஆனால் உப்புக் குறைந்த பாலாடைக்கட்டியைத் துருவிக் கொஞ்சம் கொடுக்கலாம். காய்ந்த தேங்காய்த் துருவல் கூடாது, வயிற்றுக்குள் போய் ஊதும். வேகவைத்த ஓட்ஸ் அலகில் ஒட்டி இறுகிவிடும், அதனால் சமைக்காததுதான். வேர்க்கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், மூட்டையில் ஈர வாடை அடித்தால் பாதியைப் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இன்னும் இரண்டு: உலர்திராட்சை நாய்க்கு ஆகாது. பீனட் பட்டர் வாங்கும்போது சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் கலந்திருக்கிறதா என்று பாருங்கள், அது நாயைக் கொல்லும். கட்டியிலிருந்து கீழே விழுவதை நாய்தான் முதலில் முகரும்.

தொங்கவிடுவதற்கு நைலான் வலைப் பை வேண்டாம். காலும் நாக்கும் சிக்கிக்கொள்கின்றன. இரும்புக் கம்பி வலையை மடித்துக் கூண்டு போலக் கட்டுங்கள், வெட்டிய கம்பி முனை எதுவும் உள்பக்கமோ வெளிப்பக்கமோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் பத்து மீட்டருக்கு அப்பால். நடுவில் வைத்தால் பறவை வேகம் பிடித்துக் கண்ணாடியில் மோதும்.

தோட்டக்கதவு

மிக்க நன்றி. கொழுப்பில்லாமல், விதையைத் தேனால் ஒட்டி அச்சில் எடுக்கும் முறை ஒன்றும் பார்த்தேன். அது நிற்குமா?

சணல்முடிச்சு

தேன் வேண்டாங்க. ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிச்சிடும், கிருமியும் வளரும். ஒட்டுறதுக்கு ஜெலட்டின் போடுங்க. 14 கிராம் சுவையில்லாத ஜெலட்டினைக் கால் கப் குளிர்ந்த தண்ணீர்ல அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, கால் கப் கொதிநீர் ஊத்திக் கரையும்வரை கலக்குங்க. அதுல ரெண்டு கப் விதை. எண்ணெய் தடவின அச்சுல அமுக்கி வச்சு, துளை போட ஒரு குச்சியைச் சொருகிடுங்க. ஒரு நாள் காயவிட்டுத் திருப்பிப் போட்டு இன்னொரு நாள். அவசரப்பட்டு எடுத்தா நடுவுல பிசுபிசுன்னு இருக்கும், கயிறு போட்டதும் பிளந்துடும். மழை பட்டா கரைஞ்சுடும்ங்கிறதை மறக்காதீங்க. காய்ஞ்ச உறைபனிக்கு மட்டும்தான் இது. கொழுப்புக் கட்டி கொடுக்கிற தெம்பும் இதுல கிடையாது.

மாடு, பன்றிக் கொழுப்பு தொடாதவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. முதல் வழி பைன் மரக் கூம்பு. கூம்பு விரியலைன்னா 95 டிகிரி அடுப்புல தகடு மேல ஒரு மணி நேரம் வைங்க, விரிஞ்சுடும், பிசினும் உறைஞ்சு போகும், உள்ளே ஒளிஞ்ச பூச்சியும் செத்துடும். தண்ணீர்ல கழுவாதீங்க, நனைஞ்சா மூடிக்கும். உப்பும் சர்க்கரையும் இல்லாத பீனட் பட்டர் ஒரு பங்கு, மக்காச்சோள மாவு ரெண்டு பங்கு பிசைஞ்சு, கத்தியால இதழ்களுக்கு நடுவுல திணிங்க. வெறும் பீனட் பட்டரைத் தடவினா வாயில ஒட்டும், வீணாகும், காசும் அதிகம். மாவு சேர்ந்தாதான் உருட்டி உருட்டிக் கொத்த வரும். மேல விதையில புரட்டி எடுங்க.

ரெண்டாவது தேங்காயெண்ணெய். 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், அதனால பகல்லயும் பத்து டிகிரி தாண்டாத நாட்கள்ல கொழுப்புக்குப் பதிலா அதே ஒண்ணுக்கு ரெண்டு விகிதத்துல போடலாம். வெயில் நேரா படுற இடம் வேண்டாம். அது இளகினா மேலே சொன்ன இறகுப் பிசுக்குத் தொல்லை இதுக்கும் உண்டு.

பன்றிக் கொழுப்பு பரவாயில்லைங்கிறவங்களுக்கு உருக்குற வேலையே இல்லாத மாவு ஒண்ணு இருக்கு: பன்றிக் கொழுப்பு ஒரு கப், பீனட் பட்டர் ஒரு கப், ஓட்ஸ் ரெண்டு, மக்காச்சோள மாவு ரெண்டு, கோதுமை மாவு ஒண்ணு. லேசா சூடு பண்ணிப் பிசைஞ்சா போதும். மரப்பட்டை இடுக்குல அப்பினா மரங்கொத்தி தேடி வரும்.

கயிறு சணல்தான். தொங்குற நுனியை ஒட்ட வெட்டிடுங்க. மீன்பிடி நரம்பைக் கட்டாதீங்க, கால்ல சுத்தினா அறுத்துடும்.

விதைப்பை

அணிலை விரட்டக் கொழுப்பு உருகும்போதே ஒரு கரண்டி மிளகாய்ப் பொடி போட்டுவிடுங்கள். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. காரத்தை உணரவைக்கும் நரம்பு வாங்கி பாலூட்டிகளில் இருப்பது போலப் பறவைகளில் காப்சைசின் என்ற மிளகாயின் காரப் பொருளுக்கு வேலை செய்வதில்லை. காட்டில் மிளகாய் விதை பரவுவதே பறவைகளால்தான்.

இரும்புவலை

அறிவியல் சரி. ஆனால் விதை மேல் பொடியைத் தூவுபவர்களும் உண்டு, அது கூடாது. காற்றில் பறந்து அணிலின் கண்ணிலும் செய்பவரின் கண்ணிலும் விழும். உருகிய கொழுப்பில் கலந்தால் மட்டுமே ஏற்கலாம். என்னைக் கேட்டால் அதுவும் தேவையில்லை, இடத்தைச் சரியாக வைத்தாலே போதும். வழவழப்பான இரும்புக் கம்பம், தீனி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், பக்கத்து மரம் வேலி எதுவானாலும் இரண்டு மீட்டருக்குக் குறையாத தூரம், மேலே கிளை இருந்தால் அதிலிருந்து மூன்று மீட்டர் கீழே. கம்பத்தில் தீனிக்குக் கீழே 45 சென்டிமீட்டர் அகலத் தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டுங்கள். கம்பத்தில் கிரீஸ் தடவுவது மட்டும் வேண்டாம். அது ரோமத்திலும் இறகிலும் ஏறினால் போகாது.

அணிலுக்கென்று தோட்டத்தின் மறுகோடியில் தனித் தட்டு வைத்தால் கம்பத்தின் பக்கம் வருவது குறையும். ஓட்டோடு வாதுமைக் கொட்டை, ஹேசல் கொட்டை, பூசணி விதை, ஆப்பிள் துண்டு வைக்கலாம். உடைக்க நேரம் எடுப்பதால் தீனி மெதுவாகச் செலவாகும், பல்லும் தேயும். வேர்க்கடலையையும் மக்காச்சோளத்தையும் மட்டுமே போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு கெடும். இவை இரண்டும் மலிவு என்பதால் அணில் தட்டில் எப்போதும் இவையே குவிந்திருக்கும். வாரத்தில் ஒருநாள் போதும்.

இரவுநடை

மான் விஷயத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் கொடுப்பதில்லை, ஆனால் நல்லெண்ணத்தில் வைத்த ஒரு கூடை மக்காச்சோளமே மானைக் கொன்றுவிடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பனிக்காலத்தில் அவை சுள்ளி, மொட்டு, பட்டை போன்ற நார்த் தீனிக்குப் பழகியிருக்கும். திடீரென்று தானியம் நிறைய விழுந்தால் மாவுச்சத்தைத் தின்னும் வகை பெருகி அமிலத்தைக் கொட்டும். இரைப்பைச் சுவர் புண்ணாகி, வயிறு நிறைந்திருக்கும் நிலையிலேயே ஓரிரு நாளில் மான் செத்துப்போகும். பிரெட்டும் அதே வேலையைத்தான் செய்யும். ஒரே இடத்தில் கூட்டமாக மூக்கு வைத்துத் தின்னும்போது நோயும் பரவும். பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. பழமரம் கவாத்து செய்தீர்கள் என்றால் மருந்து அடிக்காத கிளைகளை வேலியோரம் விட்டு வையுங்கள். அது அவற்றின் வழக்கமான தீனிதான்.

முள்ளெலி வரும் தோட்டமாக இருந்தால்: பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும், குளிர் தணியும் இரவில் எழுந்து வரும். பாலும் பிரெட்டும் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், பால் அதற்கு வயிற்றுப்போக்கைத் தரும். இறைச்சி அதிகமுள்ள பூனைத் தீனி ஒரு கைப்பிடி, தட்டையான கிண்ணத்தில் தண்ணீர், இவ்வளவுதான். காய்ந்த மாவுப்புழுவை அது ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. தொடர்ந்து கொடுத்தால் எலும்பு வளைந்துவிடும்.

தோட்டக்கதவு

மானுக்கு வாங்கி வைத்திருந்த மக்காச்சோளத்தை மாவாக்கிக் கட்டிக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை தீனித் தட்டைக் கழுவ வேண்டும்? நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் பறவைகள் பட்டினி கிடக்குமா?

பனிவரகு

கடைசிக் கேள்விக்கு முதலில். கிடக்காது. நம் தீனி அவற்றுக்குக் கூடுதல் உணவுதான், பெரும்பகுதியைத் தாமே தேடிக்கொள்கின்றன. ஆனால் கடும் உறைபனியின் நடுவில் திடீரென்று நிறுத்தாமல், முன்கூட்டியே அளவைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது.

கழுவுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கூட்டம் அதிகமானால் வாரம் ஒருமுறை. சோப்புத் தண்ணீரில் தேய்த்த பின், ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, முழுக்கக் காயவிட்டு நிரப்புங்கள். ஈரத்தோடு நிரப்பினால் கழுவியதற்குப் பலனில்லை. பறவைகளைத் தாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை போட்டு, வெளியிலேயே கழுவுங்கள். சமையல் தொட்டியில் வேண்டாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் வீங்கி, பக்கத்தில் போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அன்றே எல்லாத் தட்டையும் இறக்கிவிடுங்கள். இரண்டு வாரம் தீனி வைக்காமல் இருந்தால்தான் கூட்டம் கலைந்து நோய் பரவுவது நிற்கும்.

ஒரு நாளில் தீருமளவுக்கு மட்டும் வையுங்கள். விடிந்ததும் ஒருமுறை, இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஒருமுறை.

தண்ணீரை யாரும் சொல்லவில்லை. எல்லாம் உறைந்து கிடக்கும்போது தீனியைவிடத் தண்ணீர்தான் அரிது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத கறுப்புத் தட்டில், காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். கறுப்பு வெயிலை இழுப்பதால் கொஞ்சம் தாமதமாக உறையும். ஒரு சிறிய பந்தை மிதக்கவிட்டால் லேசான காற்றிலும் அசைந்து மேல்தோல் பிடிக்கவிடாது. உப்போ கிளிசரினோ வண்டிகளுக்கு ஊற்றும் உறைதடுப்பு நீரோ ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. உறைந்துவிட்டால் தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் வெந்நீர் ஊற்றினால் பனி வில்லை அப்படியே கழன்று விழும்.